திரும்பிப் போகும் டிக்கெட்

ஹார்வி வேல், கரியாக்கூ தீவு
ஞாயிறு, பூசை முடிந்த பின்

தம்பி லெஸ்மோர்,

நலமா என்று கேட்க மாட்டேன். கோபத்தில் இருப்பவர்களுக்குக் காய்ச்சல்கூட வராது. இங்கே கூரைக்குப் புதுத் தகடு போட்டாயிற்று. என் முட்டி வலிதான் போன பாடில்லை.

அம்மாவின் சமாதியில் கல் நட்டுவிட்டோம். நீ இல்லாமல். இதை எழுத மனம் வராமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

அம்மா என் கனவில் வந்து, "எனக்கு எப்பதான்டி கல்லு வைப்பீங்க?" என்று கேட்டதைப் போனில் சொன்னபோது குழந்தை மாதிரி அழுதாயே! "வரேன்க்கா, இனிமே அங்கயேதான். இந்த இங்கிலாந்துக் குளிருக்கு ஒரு கும்பிடு" என்றாய். நானும் உன் அறைக்கு வெள்ளையடித்து வைத்தேன்.

லண்டன் விமான நிலையத்தில் டிக்கெட் பார்க்கும் அந்தப் பெண் அப்படி என்ன கேட்டுவிட்டாள்? பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் போகிறவருக்குத் திரும்பிப் போகும் டிக்கெட் வேண்டும், அல்லது நம் நாட்டில் பிறந்தவர் என்பதற்குச் சான்று வேண்டும் என்றாள். உன் பிறப்புச் சான்றிதழ் நம் கூரையோடு சேர்ந்து புயலில் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? இங்கேயே டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நல்லபடியாகத்தானே சொன்னாள்? நீயோ, "எங்கம்மா வீட்டுக்கு நான் என்ன விருந்தாளியா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாய். அடேயப்பா, என்ன ரோஷம்! அப்படியே அப்பாதான்.

நீ அழைத்தபோது நானாவது நிதானமாகப் பேசியிருக்கலாம். ஆட்டை வெட்டியாகிவிட்டது, மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. "போடா, வெள்ளைக்காரனாவே இருந்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். எதற்காக அப்படிச் சொன்னேனோ, இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது.

முதல் நாள் ராத்திரி கல் அம்மாவின் கட்டிலில் படுத்திருந்தது, வெள்ளைத் துணி போர்த்தி. அம்மாவுக்கான தட்டில் சோளக்களியும் துவரைக் குழம்பும் ஆட்டுக்கறியும் உப்பில்லாமல் சமைத்து வைத்தேன். கல்லுக்குத் தண்ணீரும் ரம்மும் ஊற்றும் நேரம் வந்தது. சடங்கை நடத்திய கன்யூட் மாமா, "பெத்த புள்ளைங்க எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்டார். பெற்றதே நம் இரண்டு பேரைத்தான். நான் கூசாமல், "ஒருத்தன் வந்துட்டிருக்கான்" என்றேன். மாமா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லின் வலது பாதிக்கு மட்டும் ஊற்றச் சொன்னார். மறு பாதி காய்ந்தபடியே நட்டோம். இந்த ஊரில் இதுவரை யாரும் அப்படி நட்டதில்லை.

நேற்று மழை பெய்தது. காய்ந்திருந்த பாதி நனைவதை நின்று பார்த்தேன். மழை மேல்கூட ஆத்திரம் வந்தது. அது உன் கையால் ஊற்றியிருக்க வேண்டியது அல்லவா?

சொல்வதைக் கேள். போகவும் வரவும் சேர்த்தே டிக்கெட் வாங்கு. விமானத்தில் தரும் படிவத்தில், எங்கே தங்குவீர்கள் என்ற கட்டத்தில் என் பெயரையும் ஊரையும் எழுது. எத்தனை நாள் என்று கேட்டால் வாயில் வந்த எண்ணைச் சொல்லாதே, டிக்கெட்டில் உள்ளதைச் சொல். அப்புறம் நாம் இரண்டு பேரும் கப்பலேறிப் பெரிய தீவில் உள்ள சர்க்கார் ஆபீசுக்குப் போய் உன் பிறப்புச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்போம். அது கைக்கு வந்த அன்று உன் திரும்பிப் போகும் டிக்கெட்டைப் போட்டு நான் அடுப்புப் பற்றவைக்கிறேன்.

இன்னொன்று. டாக்டர் என் முட்டியை மட்டும் பார்க்கவில்லை, நெஞ்சையும் பார்த்தார். அதை நேரில் சொல்கிறேன். அம்மாவின் கட்டிலில் இனி எனக்கென்று ஒரு கல் படுத்தால், சொந்தமெல்லாம் வந்தாச்சா என்று கேட்கும்போது பதில் சொல்ல நீ ஒருத்தன்தான் இருப்பாய்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வாடா. விருந்தாளியாகவாவது வா.

வழி பார்த்துக்கொண்டிருக்கும் அக்கா,
ஐவினா