எட்டாம் நம்பர் வீடு முடியவில்லை

ஆகஸ்ட் 7, சனி

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. சிற்றலையில் கரகரப்பு அதிகம். மாடி ஏரியலை நாலடி உயர்த்தினேன். மூங்கில் ஆடுகிறது. இரும்புக் குழாய் வேண்டும்.

நாலரைக்கு ரேடியோவில் எ.ந.வீ. நாடகம். அறுபத்து மூன்றாவது வாரம். நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அம்மை போட்டிருந்தபோதும் வேப்பிலைக்கு நடுவில் கேட்டேன். தெருவில் ஏழு வீட்டுக்கு என் ஆம்பிளிஃபயரிலிருந்து கம்பி, வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர். நாலரை அடித்தால் ஏழு வீட்டிலும் தறி நிற்கும். மிதிக்கிற சத்தத்தில் வசனம் கேட்காது. அவர்களே வைத்துக்கொண்ட சட்டம்.

முடிந்ததும் அறிவிப்பாளர், பல்பொடி விளம்பரத்துக்குச் சிரித்த அதே சிரிப்போடு: "அடுத்த வாரத்துடன் 'எட்டாம் நம்பர் வீடு' நாடகம் நிறைவடைகிறது."

காரணம் சொல்லவில்லை. பல்பொடிக்காரன் கைவிட்டிருப்பான். நிறைவாம். புருஷன் அடி பொறுக்காமல் எட்டாம் நம்பர் வீட்டுக்குக் குடிவந்த செண்பகம், டெலிபோன் ஆபீஸில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. இதில் எது நிறைந்தது?

என் அக்கா தனம் ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே தறியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 9, திங்கள்

வேலை: 1. ரேஷன் கடைக்காரர் ரேடியோ, வால்வு போய்விட்டது. 2. ஒரு டிரான்சிஸ்டர், உள்ளே எறும்புப் புற்று. 3. மூன்றாவதைத் தொடவில்லை. மனம் இல்லை.

நிலையத்துக்குக் கார்டு எழுதினேன். "கதை நடுவில் இருக்கும்போது நிறுத்துவது கேட்பவர்களை மதிக்காத செயல்." அவ்வளவுதான். வணக்கம், அன்புள்ள எதுவும் போடவில்லை.

ஒரு நாடகத்துக்கு இவ்வளவா என்று அம்மா கேட்டாள். ஆமாம், இவ்வளவுதான். செண்பகமாகப் பேசும் பெண்ணின் முகம் எப்படி என்றுகூடத் தெரியாது. ஆனால் அவள் மூச்சு வாங்கினால் அடுத்து அழப்போகிறாளா திட்டப்போகிறாளா என்று சொல்லிவிடுவேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேரை எனக்கு அந்த அளவு தெரியாது.

ஆகஸ்ட் 11, புதன்

புழுக்கம். எதிர்வீட்டு கன்னியப்பன் அண்ணன் பாக்குப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாப்பா, கடைசி வாரம் செண்பகம் புருஷன்கிட்ட போயிடுவா, பாரு."

"போகமாட்டா."

"போவாப்பா. நாடகம்னா சேத்து வெச்சித்தான் முடிப்பான். அப்பத்தான் ஜனம் எழுந்து போவும்."

இதைச் சொல்லிவிட்டு உள்ளே தறிப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா பங்குனியில் ஐயம்பேட்டையிலிருந்து திரும்பி வந்தவள். மச்சான் சொம்பால் அடித்ததில் முன்பல் பாதி போய்விட்டது. ஐந்து மாதமாக அப்பா விட்டுப்போன தறியில் அவள்தான் உட்கார்கிறாள். பக்கத்தில் அம்மா, புடவைக் கரைக்கு நாடா போட. ஆடியில் நல்ல பேச்சு வேண்டாம், ஆவணி பிறந்ததும் அழைத்துப்போக வருகிறோம் என்று மச்சானின் தாய்மாமன் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆவணி பிறக்க ஆறு நாள்.

தெரு முழுக்க இரண்டு கதையையும் ஒன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆகஸ்ட் 13, வெள்ளி

ஒரு யோசனை. நாளை கடைசி ஐந்து நிமிஷம் அவுட்புட் கம்பியைப் பிடுங்கிவிட்டால்? மழை, பழுது, ஏதாவது சொல்லலாம். ஏழு வீட்டிலும் முடிவு தெரியாது.

அக்காவிடம் சொன்னேன்.

"புடுங்காதடா. நானும் கேக்கணும்."

"அவ திரும்பிப் போனா?"

"போனா போறா. எனக்கு இன்னா, அவ கூடவா பொறந்தேன்?"

சொல்லிவிட்டு அரை மணி நேரம் ஓர் இழைகூட ஓடவில்லை.

ஆகஸ்ட் 14, சனி

போய்விட்டாள்.

பெட்டியோடு படியேறினாள். அவன் "வா" என்றான். ஒரே ஒரு "வா". வீணை. மங்களம். பல்பொடி.

தவறுகள்: டெலிபோன் ஆபீஸ் வேலை என்ன ஆயிற்று, ஒரு வார்த்தை இல்லை. அடித்தவன் எப்போது திருந்தினான், எந்த வாரம்? எட்டாம் நம்பர் வீட்டுக்காரப் பாட்டியைக் கொன்றே விட்டார்கள், குறுக்கே பேச ஆள் வேண்டாம் என்று. அறுபத்து நாலு வாரம் கட்டியதை நாலு நிமிஷத்தில் இடித்துவிட்டு மங்களமாம்.

கன்னியப்பன் அண்ணன் ஜன்னல் வழியாக: "சொன்னேன்ல? செண்பகமே பூட்டா!"

ஆத்திரத்தில் ஆம்பிளிஃபயர் மூடியைத் தட்டினேன். சூடு. இரண்டு விரலில் கொப்புளம். அக்கா தறியை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள், தெருவில் முதல் ஆளாக.

நான் இந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. எழுதியவன் ஒப்புக்கொண்டால் அவன் பாடு.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம். மைக் செட் என்னுடையது. தலைமையாசிரியர் மைக்கை விழுங்குவதுபோல் பேசினார். ஒரே கூவல். பையன்களுக்குச் சந்தோஷம்.

இரண்டாவது கார்டு. முதலாவதைவிடக் காரம்.

ஆகஸ்ட் 18, புதன்

ஐயம்பேட்டையிலிருந்து மூன்று பேர். தாய்மாமன் பெரியவர் நடுவில். மச்சான் வரவில்லை. வெற்றிலைத் தட்டு வைத்தார்கள். அக்கா தறிக்குழியிலிருந்து எழவில்லை.

பெரியவர் நன்றாகவே பேசினார், அதுதான் ஆபத்து. "ஏம்மா தனம், தறியில பாவு நூலு முடிஞ்சா இன்னா பண்றோம்? அறுத்தா போட்டுடறோம்? பழைய முனையிலதான புதுப் பாவைப் பிணைக்கிறோம்? குடும்பமும் அப்பிடித்தாம்மா. அறுத்துட்டா மறுபடி ஒண்ணொண்ணா அச்சுல கோக்கணும். யாரால முடியும்?"

வந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினாள்.

அக்கா இழையைப் பார்த்துக்கொண்டே: "பழைய முனை இத்துப்போயிருந்தா, மாமா?"

பெரியவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ள, அக்காவே தொடர்ந்தாள்.

"இத்த நூல்ல பிணைச்சா புதுப் பாவும் சேந்து போவும். அப்ப அறுத்துட்டு கோக்கறதுதான் வேலை. எனக்குக் கோக்கத் தெரியும்."

பெரியவர் சிரித்தார். "ரேடியோவுல அந்தப் பொண்ணு கூட படிச்சவ, உத்தியோகம் பாத்தவ. அதுவே பூட்டுது. ஊரெல்லாம் கேட்டுச்சே."

நான் வாயைத் திறந்தேன். "நீ கம்பி சுத்தறவன்பா, குடும்பத்தைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்" என்றார். கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பயன் இல்லை.

ஞாயிறு காலை வண்டியோடு வருகிறார்களாம். வாசலில் நின்று ஊரறிய அழைத்துப் போவார்களாம். தெருவே நம் பக்கம் என்று போகும்போது அவர்களில் ஒருவர் சொன்னார். பொய் இல்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

அம்மா டிரங்குப் பெட்டியில் அக்கா புடவைகளை அடுக்குகிறாள். பகலெல்லாம் இருவரும் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில், நாடா கை மாறிக்கொண்டு. 

"தெரு பேசும்டா. நான் எவ்ளோ நாளு காது பொத்திக்கினு இருக்கறது?" என்கிறாள் அம்மா.

ஏரியலுக்கு இரும்புக் குழாய் கிடைத்தது. இப்போது எதற்கு?

ஆகஸ்ட் 21, சனி

நாலரை. யாரும் சொல்லவில்லை, ஏழு வீட்டிலும் தறி நின்றது. கால் பழக்கம். நிலையத்தைத் திருப்பினால் அதே பல்பொடிக்காரனின் பாட்டுப் போட்டி. உடனே அணைத்தேன்.

கன்னியப்பன் அண்ணன்: "எதனா போடுப்பா, சும்மா உக்காந்துக்கினு இருக்கறோம்!"

அக்கா தறியிலிருந்து எழுந்து வந்தாள். "கொடியேத்தத்துக்கு எடுத்துக்கினு போன மைக்கு எங்க?"

எடுத்து வந்து ஆம்பிளிஃபயரில் மாட்டினேன். அவள் உட்கார்ந்தாள்.

"எட்டாம் நம்பர் வீடு" என்றாள். தெருவில் யாரோ சிரித்தார்கள். "செண்பகம் புருஷன் வீட்டுக்குப் போன மறுநாள். காலையில காபி ஆறிப்போயிருந்துச்சி. அவன் சொம்பை எடுத்தான்."

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நிமிஷம். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. சொம்பு, பல், இரத்தத்தைத் துப்பிய முற்றம், மாமியார் வாசல் கதவைச் சாத்தியது, தாய்மாமன் வந்து "கணவன் மனைவிக்குள்ள இதெல்லாம் சகஜம்" என்றது. எங்களிடமே இவ்வளவு சொன்னதில்லை. எல்லாம் செண்பகத்துக்கு நடந்ததாகவே சொன்னாள். யாருக்கு நடந்தது என்று ஏழு வீட்டுக்கும் தெரியும்.

அம்மா நாடாவைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அணைத்த பிறகும் ஒரு தறிகூட ஓடவில்லை. கன்னியப்பன் அண்ணன் வாசலுக்கு வந்தார், பாக்கு இல்லாமல்.

"அப்புறம் இன்னாம்மா ஆச்சி?"

"அப்புறம் அவ திரும்பி வந்துட்டா அண்ணா. நீங்கல்லாம்தான் இன்னும் அங்கயே நிக்கிறீங்க."

அவர் நின்றார். போனார். ஒவ்வொரு வீடாக நுழைவதைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

நல்ல வெயில். எட்டு மணிக்கு வண்டி. தெருவில் ஒருவரும் தறியில் இல்லை. ஏழு வாசலிலும் ஆள். கையைக் கட்டிக்கொண்டு, சும்மா. கன்னியப்பன் அண்ணன் எங்கள் படியில் உட்கார்ந்திருந்தார், நகராமல்.

பெரியவர் வண்டியிலிருந்து ஒரு காலை இறக்கினார். "இன்னாப்பா கும்பல்?"

"நாடகம் கேக்க வந்தோம். மீதி பாக்கி இருக்குது" என்றார் அண்ணன். "அந்தப் பல்லு சமாச்சாரத்தை நீங்களே சொல்றீங்களா, மாமா?"

கால் மேலே போயிற்று. வண்டிக்காரன் மாட்டைத் திருப்ப இடம் இல்லாமல் தெருக்கோடி வரை போய்த் திரும்பினான். இரண்டு முறை எங்களைக் கடந்தது வண்டி. இரண்டு முறையும் பெரியவர் எதிர்ப்பக்கம் பார்த்தார்.

அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கொடியில் போட்டாள். என்னைப் பார்த்து, "இன்னா முறைக்கிற, பூச்சி வந்துடும்னு காயப்போடறேன்" என்றாள்.

நிலையத்துக்கு மூன்றாவது கார்டு எழுதப் போவதில்லை. அவர்கள் தேவையில்லை.

அக்கா கேட்கிறாள், மைக்குக்கு எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், நேற்று குரல் வெடித்ததே என்று. ஒரு சாண் என்றேன்.