ஒரு 'வேண்டாம்' சீட்டு

ஜூலை 8, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. கொடியில் துணி நிற்கவில்லை. கண்ணெல்லாம் உப்பளத் தூசி.

ஆராய்ச்சியாளர் கழகத்தின் ஊர்க் கிளைக் கூட்டம் வியாழக்கிழமை. செயலாளர் என்று பெயர், எல்லா வேலையும் என் தலையில். வடைக்குச் சொல்ல வேண்டும். மைக் வேண்டாம், ஒன்பது பேருக்கு எதற்கு.

புது உறுப்பினராக மூன்று பெயர். ரகசிய ஓட்டு. ஒருவர் 'வேண்டாம்' என்று எழுதினாலும் அந்தப் பெயர் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர். முத்துச்சிப்பி வளர்ப்புக் கட்டுரைக்காக. நல்ல ஆராய்ச்சிக்குத் தருகிற மரியாதை. இவருக்குப் பல வருட ஆசை.

ஜூலை 9, செவ்வாய்

புதுச் சட்டை எடுத்து வந்திருக்கிறார். நீலம். நன்றாகத்தான் இருக்கிறது.

தோசை ஊற்றும்போது கேட்டுவிட்டேன். சிப்பி வளர்த்தது மூன்று தொட்டியில். ஒன்றில் அத்தனையும் செத்தன. கட்டுரையில் இரண்டு தொட்டிதான். பம்பு கோளாறு, அதையெல்லாமா எழுதுவார்கள் என்றார். பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினமும் பாசித் தீவனம் ஊற்றியவள் நான், எனக்குத் தெரியாதா?

சட்னியில் உப்பு கூடிவிட்டது.

ஜூலை 11, வியாழன்

வடை ஆறிப்போய் வந்தது.

வீட்டுக்காரருக்கு நான் ஓட்டுப் போடலாமா என்று தலைவரிடம் கேட்டேன். ஓய்வு பெற்ற பேராசிரியர், எதற்கும் சிரிப்பார். "தாராளமா போடும்மா. அவருக்கு ஒரு ஓட்டு உறுதி."

மற்ற இருவரும் தேறினார்கள். இவருக்கு ஒரு 'வேண்டாம்'. என் சீட்டு. எல்லோரும் இவரோடு கல்லூரியில் வேலை பார்க்கிற செல்வராஜ் சாரைப் பார்த்தார்கள். இவருக்கும் அவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். பாவம், கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம்.

ஜூலை 12, வெள்ளி

காலை முழுக்கக் கரண்ட் இல்லை. பால் திரிந்தது.

செல்வராஜைத் திட்டித் தீர்க்கிறார். அவரிடம் படிக்கிற பெண்ணின் ஆய்வேடு இவர் கையெழுத்துக்கு வந்திருக்கிறது. "கெடக்கட்டும். அந்தப் புள்ள எப்படிப் பட்டம் வாங்குதுன்னு பாத்துருதேன்."

மத்தியானம் சோறு போடும்போது சொன்னேன். "அவரு இல்ல. நாந்தான் எழுதுனேன்."

ஏன் என்று கேட்கவில்லை.

"ஏளா, அந்தத் தொட்டி விசயம் வேற யாருக்கும் தெரியுமா?"

தெரியாது என்றேன். சாப்பிட உட்கார்ந்தார். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.