ஐநூற்றுப் பத்து டிகிரி

மார்ச் 4

அன்புக் குண்டூசிக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. ஐந்து மாதமாக ஒரு வரி இல்லை. கல்லூரியில் மை தீர்ந்துவிட்டதா? போனில் பேசலாம்தான். பேசினால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

நம் ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டித்தான் இந்தத் தொழிற்சாலையில் சூட்டு அச்சு எந்திரம் வாங்க வைத்தேன். அலுமினியக் கலவைத் தகட்டுக்குள் இருக்கும் நுண்ணிய உலோக மணிகள் பொடிப்பொடியாக இருந்தால், ஐநூற்றுப் பத்து டிகிரியில் மெதுவாக இழுக்க, முறியாமல் எட்டு மடங்கு நீளும். நாம் எழுதியதுதான். இங்கே வண்டிக் கதவின் உள்தகடு செய்ய மூன்று மடங்கு போதும். அதற்கே மூலையில் கிழிகிறது. முப்பத்தொரு தகடு போயாயிற்று. மேலாளர் கத்தவில்லை. கட்டுரையின் நகலை மேசைமேல் வைத்து, "நீங்க எழுதினதுதானேம்மா? அப்புறம் ஏன் கிழியுது?" என்று மட்டும் கேட்டார். மாதக் கடைசிக்குள் ஒரு முழுத் தகடு வரவில்லையென்றால் எந்திரத்தோடு நானும் வெளியே.

நான் வேலைக்கு வந்த பிறகு கடைசிச் சோதனைகளை நீதான் தனியாகச் செய்தாய். எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? யோசித்துச் சொல்லடி.

உன்,
நெட்டை

மார்ச் 11

அன்பு நெட்டைக்கு,

திட்டை வாங்கிக்கொண்டேன். எழுதாமல் விட்டது ஒன்றும் இல்லை. தகட்டை அச்சுக்குள் தள்ளும் காற்றழுத்தத்தைப் பாதியாக்கிப் பார். உனக்குத் தகடு தந்தவன்மேல்தான் எனக்குச் சந்தேகம். மணிகள் நிஜமாகவே பொடியா என்று பார்த்துவிடு.

இங்கே ஏப்ரல் இருபதாம் தேதி பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். அம்மா இப்போதே அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதற்கென்று வாங்கிய செருப்பு காலைக் கடிக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் சோதனைத் துண்டு முறிந்தால் நீயும் பட்டினி கிடப்பாய். அந்தப் பழக்கம் வேண்டாம்.

உன்,
குண்டூசி

மார்ச் 22

அன்புக் குண்டூசிக்கு,

நீ சொன்னபடி அழுத்தத்தைப் பாதியாக்கினேன். தகட்டுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது, நிதானமாகக் கிழிந்தது. எந்திரம் ஓட்டுகிறவர் என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

கிழிந்த மூலையை அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். சூடாக்குமுன் பொடியாக இருந்த மணிகள் ஊதிக் கிடக்கின்றன. தகடு தந்தவர் பாவம், அவர்மேல் தப்பில்லை. சூடுதான் அதிகம். அச்சில் நான்கு வெப்பமானிகள். நான்கும் ஐநூற்றுப் பத்து என்றே காட்டுகின்றன. அப்படியானால் நம் ஆய்வக உலையில்தான் ஐநூற்றுப் பத்து இருந்திருக்காது.

நான் இருந்தவரை வெப்பமானிக் கம்பியைத் துண்டின் நடுவில் கட்டுவோம். அப்புறம் எங்கே கட்டினாய்? கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை இறக்கிப் பார்க்கலாமென்றால் மீதி நாலே தகடு. ஆதாரம் இல்லாமல் கட்டுரையின் எண்ணை மாற்ற மேலாளர் விடமாட்டார். ஒன்பது நாள்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு.

உன்,
நெட்டை

மார்ச் 30

அன்பு நெட்டைக்கு,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன்.

துண்டு மூன்று மடங்கு நீண்டதும் நடுவில் கட்டிய கம்பி நழுவி விழுந்துகொண்டே இருந்தது. அதனால் துண்டை விட்டுவிட்டு, அதைக் கவ்வியிருக்கும் மேல்பிடியில் கட்டினேன். மேல்பிடி சூட்டுச் சுருளுக்குப் பக்கம். புது உலை வந்தபோதுதான், பழையதில் மேல்பிடியின் சூட்டையும் துண்டின் சூட்டையும் ஒப்பிட்டேன். முப்பது டிகிரி வித்தியாசம். நம் துண்டு நீண்டது நானூற்று எண்பதில்.

அது தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. என் விண்ணப்பத்தின் முதல் வரியே அந்தக் கட்டுரைதான், வாயைத் திறக்கவில்லை. அதை வைத்து யாரும் நிஜமாக ஒரு பொருள் செய்யப்போவதில்லை என்று நினைத்தேன். உன் முதல் கடிதத்தைப் படித்ததுமே காரணம் புரிந்துவிட்டது. அழுத்தம், தகடு என்று எழுதியதெல்லாம் சும்மா. வெட்கமாக இருக்கிறது.

நானூற்று எண்பது வை, வரும். ஒரே ஒரு வேண்டுகோள். இருபதாம் தேதிவரை யாரிடமும் சொல்லாதே. அதற்குப் பிறகு பத்திரிகைக்கு நானே திருத்தம் எழுதுகிறேன், சத்தியமாக.

உன்,
குண்டூசி

ஏப்ரல் 6

வணக்கம்.

உன் கடிதம் இரண்டாம் தேதி வந்தது. என்னை முப்பத்தொன்றாம் தேதியே அனுப்பிவிட்டார்கள். மேசையில் இருந்த சாமான் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது.

மூன்றாம் தேதி பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கடிதத்தைக் காட்டவில்லை, எண்ணை மட்டும் சொன்னேன். விற்கப்போகிற எந்திரம்தானே என்று மேலாளர் ஒருமுறை ஓட்ட விட்டார். தகடு மூலைவரை முழுதாக இறங்கியது. எந்திரம் ஓட்டுகிறவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். எந்திரத்தை வைத்துக்கொள்வார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. தப்பான எண்ணைக் கொண்டுவந்தவள் என்றுதான் அவர்களுக்கு என்னைத் தெரியும்.

எனக்குக் கோபம்தான். கம்பியை மேல்பிடியில் கட்டியதற்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் அங்கேதான் கட்டியிருப்பேன். வேளைக்குச் சாப்பிடு என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தின்மேல்தான் கோபம்.

திருத்தம் ஒரு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கு மேலே உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தேதி எழுதவில்லை. இருபதாம் தேதிக்கு முன்னால் அனுப்புவதா, பின்னால் அனுப்புவதா என்பது உன் பாடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர்