தலைக்கு மேல் மஞ்சள் பட்டை

நேற்றுக் கந்தோரில் மானம் போயிற்று. லொறி ஓட்டுகிறவர்கள் முதல் மிளகு புடைக்கிறவர்கள் வரை, ஸ்டோரில் வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் கம்ப்யூட்டரில் அழிந்துவிட்டது என்று நான் போட்ட சத்தத்தில் மனேஜரின் அறைக்கதவே திறந்துகொண்டது. புதிதாக வந்த பிள்ளை, என் மகள் வயசு, எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், பில்டர் போட்டு வச்சிருக்கீங்க. மேல மஞ்சளா ஒரு பட்டை கெடக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாரும் திரும்பி வந்தார்கள். கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டையைப் போடச் சொல்லிக் கேட்டவனே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? எதற்காகக் கேட்டேன் என்று உன்னிடமே சொல்லாதவன் நான்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் நீ லொறியை நிறுத்திவிட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாய். "கணக்குல ரெண்டு தடவை பெயிலான ஆளு கையில இதக் குடுத்திருக்காங்களே!" என்பாய். அந்தப் பழைய புரோகிராம் உனக்கு ஞாபகமிருக்கும். எந்தப் பிரிவு என்று கேட்டு எறும்பு எழுத்தில் ஒரு நீண்ட மெனு விழும். ஒரு பிரிவைத் தொட்டால் அந்தப் பிரிவுக்காரர்கள் மட்டும் நிற்பார்கள், மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். திரும்பக் கொண்டுவர மெனுவின் அடிவரைக்கும் இறங்கி 'எல்லாம்' என்பதைத் தொட வேண்டும். தொட மறந்தால் அது நமக்கு ஞாபகப்படுத்தாது. இருப்பதே இவ்வளவுதான் என்பதுபோல நிற்கும்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். அன்று நீ கராம்பும் மிளகும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தாய். நான் பொதியிடும் பெண்களுக்கு ஏப்ரன் கொடுப்பதற்காக அவர்களுடைய பெயர்களை மட்டும் எடுத்து அச்சிட்டேன். வீட்டுக்காரி நெத்தலிக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தாள். வாசனை விடவில்லை. 'எல்லாம்' என்று கொடுக்காமலே எழுந்து போய்விட்டேன்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்திருக்கிறது. வழியில் ஒரு சோதனைச் சாவடியிலிருந்து. இப்படி ஒரு டிரைவர் உங்களிடம் வேலை செய்கிறானா என்று உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எடுத்தது உக்குவளையிலிருந்து அந்த வாரம்தான் வேலைக்கு வந்த பிள்ளை. நம்மில் யாரையும் அவளுக்குத் தெரியாது. என் திரையில் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கண்டதைச் சொல்லியிருக்கிறாள். இல்லை.

கை துடைத்துக்கொண்டு வந்தேன். "அண்ணே, யாரோ ஒரு டிரைவராம். நம்ம ஆளில்லன்னு சொல்லிட்டேன்" என்று உன் பெயரைச் சொன்னாள். முதலில் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் பார்ப்பதற்குள் 'எல்லாம்' என்பதைத் தொட்டேன். அதற்குப் பிறகுதான் டெலிபோனை எடுத்தேன். உன்னை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

மனேஜர் கடிதத்தோடு அலைந்து உன்னை மீட்க ஒன்பது நாள் ஆயிற்று. எப்படி நடந்தது என்று அவர் கேட்டபோது, "கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிருச்சு சார்" என்றேன். கந்தோரில் யாரும் திட்டு வாங்கவில்லை. கம்ப்யூட்டர்தான் வாங்கியது.

அங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "கொசு ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னாய். ஆனால் உன் இடது காது கேட்கவில்லை. அதன்பிறகு நாங்கள் எல்லாரும் உன் வலது பக்கம் வந்து நின்று பேசப் பழகிக்கொண்டோம்.

அடுத்த வருஷம் புரோகிராம் எழுதிய பொடியன் கொழும்பிலிருந்து வந்து, "என்ன கஷ்டம்னு சொல்லுங்க அங்கிள், திருத்தித் தாறோம்" என்றான். நான் மடமடவென்று சொன்னேன். மெனுவில் எழுத்துப் பெரிதாக வேண்டும். 'எல்லாம்' அடியில் ஒளிந்திருக்காமல் முதலில் வர வேண்டும். கொஞ்சப் பேரை மட்டும் காட்டும்போது, தலைக்கு மேல் மஞ்சளாக ஒரு பட்டை எரிய வேண்டும். அவன் அசந்துபோனான். "எப்படி அங்கிள் தோணிச்சு?"

லொறி ஓடிய கணக்குத் தாளைக் கொடுக்க வந்திருந்த நீ முந்திக்கொண்டாய். "எங்க கிளாக்கரு லேசுப்பட்ட ஆளா தம்பி?" பிறகு என் தோளில் தட்டினாய். "இது அன்னைக்கே இருந்திருந்தா எனக்கு ரெண்டு காதும் இருந்திருக்கும், என்ன? போகட்டும்டா. மிசினுக்கு என்ன தெரியும், பாவம்."

"வா, பிளேன்டீ குடிப்போம்" என்றேன். அதுதான் எனக்கு வந்தது.

கடைசியாக மாத்தளை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். உன் மனைவி வலது பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இங்குட்டு வாங்கண்ணே, அந்தக் காது கேக்காதுல்ல" என்றாள். பரவாயில்லை என்று இடது பக்கமே உட்கார்ந்தேன். கேட்காத காதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தும் குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"என்னடா முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு."

"மழை வரும்போல" என்றேன்.

இப்போதும் சாப்பிட எழுவதற்கு முன் 'எல்லாம்' என்று கொடுக்கிறேன். வேலையிலிருந்து நின்றுபோனவர்களும் உயிரோடு இல்லாதவர்களும் சேர்ந்து வருவார்கள். உன் பெயர் வரும்வரை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றுப் பார்சலைத் தொடுகிறேன். நேற்று எப்படித் தவறியது என்று தெரியவில்லை.

மிசின் இல்லையடா. அன்று உன் பெயரை மறைத்துவிட்டுச் சாப்பிடப் போனவன் நான்.