பழகிவிட்டது என்று நினைத்தேன்

அக்டோபர் 14, சனி

பகல் பதினொன்று. தலைக்குள் யாரோ அம்மி கொத்துகிறார்கள். வாயில் துருப்பிடித்த இரும்பின் சுவை. விதைக் கம்பெனியில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. நேற்று என் முதல் அலுவலக விருந்து. நம் கொரியச் சாராயமான சோஜு கலந்த பீர் இரண்டு கோப்பை. கழுத்துவரை சிவந்துவிட்டேன். எங்கள் துறைத்தலைவர், பெயர் மா, மேசையைத் தட்டிச் சிரித்தார். "முகம் செவந்தா ரத்த ஓட்டம் நல்லா இருக்குன்னு அர்த்தம்மா! குடிக்கக் குடிக்கப் பழகிடும்."

அதற்குப் பிறகு நினைவு இல்லை. டாக்சியில் கொண்டுவந்து விட்டது யோன்ஹீ அக்காவாம். என் பக்கத்து மேசைக்காரி, எட்டு வருடம் மூத்தவள். கைபேசியில் ஒரே வரி: "எழுந்ததும் தண்ணி குடி. அப்புறம் சூப்."

சூப் கடைக்குப் போனேன். முளைப்பயறு சூப், தனிக் கிண்ணத்தில் பாதி வெந்த முட்டை. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்ததும் உப்பை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். ஒன்றும் கேட்காத அந்த நல்ல மனம் வாழ்க.

அக்டோபர் 17, செவ்வாய்

நூலகத்தில் வாசித்தேன். சாராயத்தை உடல் முதலில் ஒரு நஞ்சாக மாற்றுகிறது, பிறகுதான் அந்த நஞ்சைக் கரைக்கிறது. கூடவே நீர் வற்றுகிறது, தூக்கம் கெடுகிறது. வலி என்பது இவ்வளவின் மிச்சம். அடுத்த முறை வெறும் வயிற்றோடு போக மாட்டேன். ஒரு கோப்பைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். குடிப்பதற்கு முன்பே பேரிக்காய்ச் சாறு, மறுநாள் தலைவலி வராதாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன்? டிசம்பரோடு தகுதிகாண் காலம் முடிகிறது. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் மா. "ஆளை நான் விருந்து மேசையிலதான் பார்ப்பேன்" என்று அவரே சொல்கிறார்.

நவம்பர் 4, சனி

காலை ஏழு மணி. தலைவலி இல்லை!

நேற்று ஐந்து கோப்பை. ஐந்து! முகம்கூட அவ்வளவாகச் சிவக்கவில்லை. எங்கள் மேசையில் எப்போதும் கலந்து கொடுப்பவள் யோன்ஹீ அக்காதான். கோப்பைகளை வரிசையாக வைத்து, ஊற்றி, சாப்ஸ்டிக்கால் ஒரு தட்டு தட்டி நுரை எழுப்புவாள். யாரும் தனக்குத் தானே ஊற்றிக்கொள்வதில்லை. மா என்னைக் காட்டி எல்லோரிடமும் சொன்னார்: "பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? பழகிடுச்சு."

பேரிக்காய்ச் சாறே, உனக்கு நன்றி.

நவம்பர் 18, சனி

மறுபடியும் ஐந்து. மறுபடியும் சுகம். என் உடம்பு எனக்குப் புதிதாய்த் தெரிகிறது.

டிசம்பர் 1, வெள்ளி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நேற்று திடீர் விருந்து. யோன்ஹீ அக்கா புசானில் பயிற்சிக்குப் போயிருந்தாள். விற்பனைப் பிரிவு அண்ணன் ஒருவர் கலந்து கொடுத்தார். ஐந்துக்குப் பழகியவள்தானே என்று தைரியமாக எடுத்தேன். இரண்டாவதிலேயே நெஞ்சு படபடவென்று அடித்தது. கழிவறைத் தரையில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை விவசாயிகள் சங்கத்தில் நான்தான் பேச வேண்டும். மூன்று வாரத் தயாரிப்பு. இருபது நிமிடம் தாமதமாகப் போனேன். கோஸ் விதையின் விளைச்சலை முள்ளங்கிக்குச் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் ஒரு பெரியவர், "பொண்ணு, முள்ளங்கி எந்த ஊர்ல இப்படி விளையுது? அந்த ஊருக்கே குடி போயிடறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மா சிரிக்கவில்லை.

போச்சு. எல்லாம் போச்சு.

டிசம்பர் 2, சனி

தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரர் பெட்டியை எடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"குடிச்சிருக்கீங்களா? அப்போ இது வேணாம். கல்லீரலுக்கு ஆகாது."

"முந்தாநேத்துதான் சார். எனக்குப் பழக்கம்தான், ஆனா திடீர்னு..."

"முகம் செவக்குமா?"

"ஆமா."

"நெஞ்சு அடிச்சுக்குமா?"

"...ஆமா."

"அப்போ பழக்கமாவது ஒண்ணாவது! சாராய நஞ்சைக் கரைக்கிற சக்தி உங்க உடம்புல கம்மி. பொறப்புலயே அப்படி. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு உண்டு. பயிற்சி பண்ணிச் சரியாகுற விஷயமா இது? குடிக்காம இருக்கிறதுதான் மருந்து."

அப்படியானால் யோன்ஹீ அக்கா கலந்து கொடுத்த அந்த ஐந்து கோப்பை?

டிசம்பர் 4, திங்கள்

கேட்டேன். யோன்ஹீ அக்கா சுற்றி வளைக்கவில்லை. கைப்பையைத் திறந்து காட்டினாள். மது இல்லாத பீர், இரண்டு டப்பா.

"உனக்கு ஊத்தினது எல்லாம் இதுதான். மேல நுரைக்குக் கொஞ்சம் நிஜ பீர்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ நடிச்சிருப்பியா? திருடன் மாதிரி முழிச்சிருப்ப. உன் மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்டி."

முதலில் கோபம்தான் வந்தது. என்னைச் சிறுபிள்ளையாக்கிவிட்டாளே! என் பேரிக்காய்ச் சாறு, என் கணக்கு, என் பெருமை, எல்லாம் பொய். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு டாக்சியில நீ மூச்சு வாங்கின வேகம்... வீடு வர்ற வரைக்கும் உன் நெஞ்சுல கை வச்சுட்டே வந்தேன். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல. பயிற்சிக்குப் போறப்போ சொல்லிட்டாவது போயிருக்கணும். அது என் தப்பு."

என் அம்மாகூட என் மூச்சை எண்ணி எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

வருடக் கடைசி விருந்துக்கும் டப்பா கொண்டுவருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். இனி என் வாயாலேயே சொல்கிறேன். வேலை போனால்? போகட்டும் என்று எழுத ஆசை. ஆனால் போகக் கூடாது.

டிசம்பர் 23, சனி

நேற்று வருடக் கடைசி விருந்து. மா நேராக என்னிடம்தான் வந்தார், கையில் சோஜு பாட்டிலோடு. மேசை முழுக்கப் பார்த்தது.

"சங்கத்துல சொதப்பினதை இதோட கழுவிடுவோம். பிடிம்மா."

கோப்பையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டேன். "சார், சொதப்பினதே இதாலதான். என் முகம் செவக்கிறது ரத்த ஓட்டம் இல்ல சார், உடம்புக்கு ஒத்துக்கலை. இனிமே குடிக்க மாட்டேன்." நடுவில் விக்கல் வேறு.

மா பாட்டிலைப் பிடித்தபடியே, மேசை அடுப்பில் கருகும் இறைச்சியைத் திருப்பிப் போட்டார்.

"அடுத்த வருஷமும் அந்த விவசாயிங்க முன்னாடி நிக்கணுமே. நிப்பியா?"

"நிப்பேன் சார்."

"தெளிவா?"

"தெளிவா."

அவர் சோஜுவைக் கீழே வைத்துவிட்டு, எட்டி ஒரு சோடாவை எடுத்து எனக்கு ஊற்றினார். பெரியவர்கள் எதிரே குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். சோடாவுக்கும் பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டேன். யோன்ஹீ அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மா தலையில் அடித்துக்கொண்டார்: "அடிப் பாவி, அதுக்குமா திரும்புற!"

ஜனவரி 5, வெள்ளி

செவ்வாயன்று நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். புது ஆள் விருந்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மதியச் சாப்பாடாக வைத்தேன்: கத்தியால் வெட்டிய நூடுல்ஸ், சிப்பிக் குழம்பு. யோன்ஹீ அக்கா இரண்டு கிண்ணம். ஒன்றரை மணிக்கு எல்லோரும் மேசைக்குத் திரும்பிவிட்டோம். மா மட்டும் நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் தூங்கினார். யாரும் எழுப்பவில்லை.