விலை ஏறிய காலை

அன்பு மகனுக்கு,

கரையிலிருந்து சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. உன் போனைத்தான் யாரும் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இத்தனை நாளும் எங்கள் கப்பல் வயிறு நிறையக் கச்சா எண்ணெயோடு துறைமுகத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. உலகத்தில் எண்ணெய் மிஞ்சிக் கிடக்கிறதாம், வாங்க ஆள் இல்லையாம். விலை ஏறும்வரை கரைப்பக்கமே வராதீர்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். துறைமுக விளக்குகள் கண்ணுக்குத் தெரியும், இறங்கத்தான் முடியாது. சமையல்காரர் டீயை நீட்டும்போதே, "இன்னைக்கு என்ன விலை?" என்றுதான் கேட்பார்.

நேற்றுக் காலை ரேடியோக்காரர் மேல்தளத்துக்கு ஓடி வந்தார். "எங்கயோ எண்ணெய்க் கிணறு காலை ஷிப்டு ஆரம்பிக்கும்போதே தீப்பிடிச்சிருச்சாம்! இனி சரக்கு வராது, விலை எகிறிடுச்சு! வீட்டுக்குப் போறோம்!" சமையல்காரர் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன், கண்ணா. உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அதற்குப் பிறகுதான் எந்த ஊர்க் கிணறு என்று கேட்டேன். நீ வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னார்.

கப்பல் புறப்பட்டுவிட்டது. மேலே பாட்டும் கூத்துமாக இருக்கிறது. எனக்கு மட்டும் இது இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்று இருக்கிறது.

நீ என்றைக்குமே காலை ஷிப்டுக்கு நேரத்துக்குப் போனவன் இல்லை. அதற்காக உன்னை எவ்வளவு திட்டியிருக்கிறேன். நேற்றும் பிந்தித்தானே போனாய்?

அப்பா