பீரோவுக்குப் பின்னால் இல்லாத துப்பாக்கி

அன்பு மகன் எலியேசருக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே உடம்புக்குச் சுகம், மனதுக்கும் சுகம் என்று எழுதினால் பொய்யாகும். நீயும் மருமகளும் பேத்தி கயலும் நன்றாயிருக்கக் காலையும் மாலையும் முழங்காலில் நிற்கிறேன். அப்பா போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். கை இன்னும் இரண்டு பேருக்குத்தான் அரிசி அளக்கிறது. வருசநாட்டு மலையிலிருந்து பன்றி இறங்கி மக்காச்சோளத்தில் மூன்று பாத்தியை உழுதுவிட்டுப் போயிருக்கிறது.

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு இதில்தான் பதில் எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேசனில் கிடக்கும் அப்பாவின் லைசென்ஸ் துப்பாக்கியை விட்டுவிடாதே, வாரிசு முறையில் என் பெயருக்கு மாற்று என்றாய். இங்கே வெளிநாட்டிலும் ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வைத்திருக்கிறேன், சபையில் பாதிப் பேரிடம் இருக்கிறது, குடும்பத்தைக் காப்பது பாவமில்லை என்று போதகரே சொல்கிறார் என்றாய். காப்பது பாவம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் தான் உயிரோடிருக்கும் மட்டும் பிள்ளையிடம் சொல்லாதே என்று அப்பா கேட்டுக்கொண்ட ஒன்றை இப்போது சொல்லியாக வேண்டும்.

போன பாராளுமன்ற எலெக்சனுக்குச் சட்டப்படி எல்லாரையும்போல அப்பாவும் துப்பாக்கியை ஸ்டேசனில் ஒப்படைத்திருந்தாக. அந்தக் கோடையில் கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் நீ போனபிறகு பக்கத்து வயலை வாங்கின பேச்சிமுத்துவோடு வாய்ச்சண்டை. அவன் நாலு பேர் முன்னால், "வேதக்காரரே, கோயில்ல ஒரு நாக்கு, வயல்ல ஒரு நாக்கா?" என்று கேட்டுவிட்டான். அப்பா வீட்டுக்கு வந்து நேரே பீரோவுக்குப் பின்னால் கையை விட்டாக. அங்கே சுவர்தான் இருந்தது. கையை எடுக்காமலே அப்படியே தரையில் உட்கார்ந்தாக. நான் தண்ணீர் கொண்டுபோனேன், வாங்கவில்லை. "ரூத்து, அது மட்டும் இங்கன இருந்திருந்தா இன்னைக்கு நான் கொலகாரன்" என்று சின்னப்பிள்ளைபோல அழுதாக. முப்பது வருடம் சபையில் ஜெபம் பண்ணின மனுசர், எலியேசர். எலெக்சன் முடிந்து ஸ்டேசனிலிருந்து எத்தனையோ தடவை ஆள் சொல்லிவிட்டும், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாகளே தவிர போய் எடுக்கவே இல்லை. பன்றியை விரட்டத் தகரத்தைத் தட்டிக்கொண்டே காலத்தை ஓட்டினாக.

அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டைத் தூக்கியவன், சிவப்புத் துண்டு போட்டிருந்தானே, நீகூடக் கையெடுத்துக் கும்பிட்டாயே, அவன்தான் பேச்சிமுத்து. "அக்கா, தண்ணி மொறைக்கு இனி நான் யாருகிட்டச் சண்ட போடுவேன்?" என்று என்னிடம் கேட்டான். நான் அவன் தோளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோளை மிச்சம் வைத்தது எங்கள் பக்தி அல்ல ஐயா, எலெக்சன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் கற்றேன். ஆண்டவரைப் பிடிக்க வந்த ஒருவன் காதைப் பேதுரு பட்டயத்தை உருவி வெட்டினபோது அவர் தொட்டு அதைச் சுகமாக்கினார். நாம் தொட்டால் ஒட்டுமா? உனக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் கோபம். வீட்டிலே நாலு வயதுப் பிள்ளை, எதையும் இழுத்துப் பார்க்கிற வயது. அங்கே எலெக்சன் வந்தால் யாராவது வந்து அதை வாங்கிக்கொண்டு போவார்களா?

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அப்பாவின் துப்பாக்கியை அரசாங்கத்திடமே விட்டுவிட வாரிசுகளுக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன், கீழே உன்னுடையதுதான் பாக்கி. மருமகளுக்கும் கயலுக்கும் என் முத்தங்கள். ஆண்டவர் உன் வாசலையும் உன் கையையும் காக்கட்டும். தாளை அனுப்பும்போது உன் கட்டில் பக்கமும் காலியாகிவிட்டது என்று ஒரு வரி சேர்த்து எழுது. உன் கோபத்துக்கும் கையை விட்டால் சுவர் கிடைக்கட்டும்.

உன் அம்மா,
ரூத்தம்மாள்